50-ல் சரி, 100-ல் தப்பு: ஸ்கோப்பில் குண்டு இறக்கக் கணக்கு பிசகினால் எங்கே பார்ப்பது

"ஐம்பது மீட்டரில் ஒரே ஓட்டையாகப் படுகிறது. நூறுக்குப் போனால் காகிதத்தையே காணோம்." ரேஞ்சில் பக்கத்து மேசையிலிருந்து இந்த வரியைக் கேட்காத வாரம் குறைவு. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை டரெட்டுக்கு, அதாவது துப்பாக்கித் தொலைநோக்கியான ஸ்கோப்பின் மேல் கிளிக் கிளிக்கெனத் திருகும் குமிழுக்குப் போய்விடும். நாலு கிளிக் மேலே, ஒரு சூடு, இன்னும் மூன்று கிளிக், ஒரு சூடு. பத்து நிமிடத்தில் எங்கிருந்து கிளம்பினோம் என்பதே தெரியாமல் போய்விடும். எனக்கும் இதே கதை நடந்திருக்கிறது. அதனால் என் முதல் விதி இதுதான்: அறிகுறி என்ன என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிற வரை டரெட்டைத் தொடாதீர்கள். புவியீர்ப்பு நேற்றும் இன்றும் ஒன்றுதான். பிசகியிருப்பது நாம் கொடுத்த எண்ணோ, எண்ணை வாங்கிக்கொண்ட ஸ்கோப்போ, துப்பாக்கியைப் பிடித்த கையோதான்.

## தொடங்கும் முன்

திருகு எதையாவது தொடப்போகிறீர்கள் என்றால் மேகசின் வெளியே, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தாயிற்று, போல்ட்டும் கழற்றி மேசைமேல். இதில் அவசரம் வேண்டாம்.

ஒற்றைச் சூட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே குறியில் ஐந்து சுட்டு, அந்த ஐந்தின் நடுவிலிருந்து குறி வைத்த புள்ளி வரை செ.மீ.யில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். "கொஞ்சம் கீழே" என்பது அளவு இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு முழுக்க ஒரே துப்பாக்கியை வைத்துக்கொள்கிறேன்: .22 ரைஃபிள், 40 கிரெயின் குண்டு, குழல்வாய் வேகம் நொடிக்குச் சுமார் 325 மீட்டர், ஸ்கோப்பின் நடு குழலின் நடுவிலிருந்து 4 செ.மீ. உயரம், ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை அமைத்த தூரம்) 50 மீட்டரில். இதில் குண்டு 75 மீட்டரில் சுமார் 8 செ.மீ. கீழே படும். 100 மீட்டரில் சுமார் 23 செ.மீ., அதாவது 2.3 மில். (மில்லும் எம்.ஓ.ஏ.வும் கோண அளவுகள்: 100 மீட்டரில் 1 மில் என்பது 10 செ.மீ.; 1 எம்.ஓ.ஏ. என்பது 2.9 செ.மீ.) பெரிய தோட்டா என்றால் எண்கள் மாறும், தேடும் முறை மாறாது.

## அறிகுறி 1: ஜீரோ தூரத்தில் சரி, தூரம் கூடக் கூடக் கீழே

அடிக்கடி வருவது இதுதான். செலவில்லாத காரணத்திலிருந்து ஆரம்பிப்போம்.

தூரம் உண்மையிலேயே அந்தத் தூரமா? இறக்கப் பட்டியல் கெஜத்தில், ரேஞ்ச் மீட்டரில். இந்த ஒரு குழப்பத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. 100 கெஜம் என்பது 91.44 மீட்டர். நம் .22-ல் 100 கெஜத்துக்கான எண் 1.9 மில்லுக்குச் சற்றுக் குறைவு. அதை 100 மீட்டரில் வைத்தால் 4 செ.மீ. போலக் கீழே படும். இறக்கத்தைக் கணக்கிடும் ஆப்பில் அலகு என்னவென்று பாருங்கள். ஜீரோ தூரத்துக்கு ஒரு அலகும் இலக்குத் தூரத்துக்கு இன்னொரு அலகுமாக உட்கார்ந்திருப்பதும் உண்டு.

டரெட் பேசும் மொழியும் உங்கள் எண்ணின் மொழியும் ஒன்றா? ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) மில்லில், டரெட் எம்.ஓ.ஏ.வில் இருக்கிற ஸ்கோப்புகள் இன்னும் நிறையப் புழங்குகின்றன. 2.3 மில் வேண்டும் என்று 23 கிளிக் வைக்கிறீர்கள். டரெட் கால் எம்.ஓ.ஏ. கிளிக் உடையது என்றால் 23 கிளிக் என்பது 5.75 எம்.ஓ.ஏ., அதாவது 1.67 மில்தான். 100 மீட்டரில் 6 செ.மீ. பாக்கி. டரெட்டின் மேல் மூடியில் ஒரு கிளிக்கின் அளவு எழுதியிருக்கும். கண்ணாடி போட்டுப் படியுங்கள். மில்லை எம்.ஓ.ஏ.வாக்க 3.44-ஆல் பெருக்க வேண்டும்.

டயல் செய்யாமல், அதாவது டரெட்டைத் திருப்பாமல், ரெட்டிகிள் கோட்டை வைத்துக் குறி உயர்த்துகிறீர்களா? அப்படியானால் ஜூம் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். செகண்ட் ஃபோகல் பிளேன் ஸ்கோப்பில் ரெட்டிகிள் கோடுகள் ஒரே ஒரு ஜூமில் மட்டும்தான் உண்மை பேசும். பலவற்றில் அது உச்ச ஜூம், சிலவற்றில் 10. பத்தில் சரியான ஸ்கோப்பை 16-ல் வைத்து 2 மில் கோட்டைப் பிடித்தால் அது உண்மையில் 1.25 மில். குண்டு கீழே. ஜூமைத் திருப்பும்போது ரெட்டிகிளும் சேர்ந்து பெரிதாகிச் சிறிதானால் அது ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன். அப்போது இந்தக் காரணத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

200, 300, 400 என்று கோட்டுக்குக் கோடு தூரம் எழுதி விற்கும் ரெட்டிகிள் என்றால் ஒரு வார்த்தை. அந்தத் தூரங்கள் யாரோ ஒருவரின் தோட்டாவுக்கும் யாரோ ஒருவரின் குழல் நீளத்துக்கும் போட்டவை. உங்களுடையதற்குப் பொருந்தினால் அது அதிர்ஷ்டம். அந்தக் கோடுகளைத் தூரமாகப் பார்க்காமல் வெறும் கோடாகப் பார்த்து, எது எந்தத் தூரத்தில் உங்கள் குண்டோடு ஒத்துப்போகிறது என்று சுட்டுக் கண்டுபிடித்துத் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வேகம் பெட்டியிலிருந்து எடுத்ததா, அளந்ததா? தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகம் தயாரித்தவரின் சோதனைக் குழலில் வந்தது. உங்கள் குழலில் நொடிக்கு 15 மீட்டர் குறைவாக இருந்தால் ஒன்றும் ஆச்சரியமில்லை. 50-ல் ஜீரோ வைத்துவிட்டதால் அங்கே அது தெரியாது; ஜீரோ அதை விழுங்கிவிடும். 100-ல் சுமார் இரண்டரை செ.மீ. கீழே என்று வெளியே வரும். குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) இரவல் கிடைத்தால் பத்துச் சூடு அளந்து சராசரியை ஆப்பில் போடுங்கள். கிடைக்கவில்லையா, 75-லும் 100-லும் ஐந்தைந்து சுட்டு, உண்மையில் விழுந்த இடத்தோடு ஒத்துப்போகும் வரை ஆப்பில் வேகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மற்றவற்றைச் சரிபார்த்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். கெஜக் குழப்பத்தை வேகத்தை மாற்றிச் சரிக்கட்டினால் ஒரு தூரத்தில் பொருந்தும், அடுத்த தூரத்தில் மானத்தை வாங்கும்.

இதெல்லாம் சரி, இன்னும் கீழேதான். இப்போதுதான் ஸ்கோப்பைச் சந்தேகப்படும் நேரம். முதலில் ஒரு சின்னச் சோதனை. 100 மீட்டரில் 2.3 மில் டயல் செய்து ஐந்து சுடுங்கள். பிறகு டரெட்டை ஜீரோவுக்குக் கொண்டுவந்து, சரியான ஜூமில் ரெட்டிகிளின் 2.3 இடத்தைக் குறியில் வைத்து ஐந்து சுடுங்கள்.

இரண்டு குரூப்பும் (ஐந்தைந்து சூடுகளின் கூட்டம்) ஒரே இடத்தில் கீழே என்றால் டரெட்டின் மேல் குற்றமில்லை. தூரம், வேகம் என்ற கேள்விகளுக்குத் திரும்பிப் போங்கள். ரெட்டிகிளால் சுட்டது சரியாகப் பட்டு, டயல் செய்தது மட்டும் கீழே என்றால் ஒவ்வொரு கிளிக்கும் சொன்னதைவிடக் குறைவாக நகர்கிறது. அதை அளந்தே பார்க்கலாம், ஒரு தோட்டாகூடச் செலவில்லை.

டேப்பால் அளந்து சரியாக 100 மீட்டரில் ஒரு பலகையில் மேலிருந்து கீழாக நீளமான கோடு இழுங்கள். கோட்டை நேராக இழுக்கத் தூக்குக்குண்டு போதும். அதில் 10 செ.மீ.க்கு ஒரு குறுக்குக்கோடு, தடித்த மார்க்கரால். போல்ட் கழற்றிய ரைஃபிளை அசையாத பிடியில் பூட்டி, ரெட்டிகிளின் நடுவை மேல் குறியில் வையுங்கள். இப்போது 10 மில் மேலே டயல் செய்யுங்கள். ஸ்கோப்பில் ரெட்டிகிள் கீழே இறங்கும்; 100 செ.மீ. குறியில் போய் உட்கார வேண்டும். 97-ல் நின்றால் ஸ்கோப் நூற்றுக்கு மூன்று குறைவாகக் கொடுக்கிறது. மறுபடி ஜீரோவுக்குத் திருப்பி, மேல் குறிக்கே வருகிறதா என்றும் பாருங்கள். மூன்று முறை செய்தும் அதே 97 என்றால் கவலை வேண்டாம்: வேண்டிய எண்ணை 1.03-ஆல் பெருக்கி டயல் செய்தால் போதும். பெரும்பாலான ஆப்களில் இந்தத் திருத்தத்துக்கு ஓர் இடமே இருக்கிறது. முதல் முறை 97, அடுத்த முறை 99, அதற்கடுத்தது 94 என்று வந்தால் பெருக்கி மீட்க முடியாது. அந்த ஸ்கோப் தயாரிப்பாளரின் சேவைக்குப் போக வேண்டியது. வீட்டில் திறந்து பார்க்கலாம் என்ற ஆசை வேண்டவே வேண்டாம். உள்ளே அடைத்திருக்கும் வாயு போய்விட்டால் அதற்குப் பிறகு கண்ணாடி வியர்க்க ஆரம்பிக்கும்.

## அறிகுறி 2: தூரத்தில் மேலே படுகிறது

மேலே சொன்னவற்றின் தலைகீழ்தான் பாதி. மீதிக்கு மூன்று இடங்கள்.

போன தடவை டயல் செய்ததை யாரும் திருப்பி வைக்கவில்லை. சிரிக்காதீர்கள், முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது ஜூம். வெயில் ஏறினால் தரையிலிருந்து கானல் அலையடிக்கும், படம் நடுங்கும், ஜூமைக் குறைப்போம். செகண்ட் ஃபோகல் பிளேனில் 12-ல் உண்மையான ரெட்டிகிளை 6-க்கு இறக்கினால் 2 மில் கோடு 4 மில்லாகிவிடும். 100 மீட்டரில் 20 செ.மீ. மேலே! காலையில் ஜோராகச் சுட்டவர் மதியம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் இதுதான் சங்கதி. ஜூம் வளையத்தில் உண்மை எண்ணுக்கு நேராக நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள்.

மூன்றாவது, சரிவு. மேட்டைப் பார்த்துச் சுட்டாலும் பள்ளத்தைப் பார்த்துச் சுட்டாலும் சமதளக் கணக்கு மேலேதான் அடிக்கும். கீழ்நோக்கிச் சுட்டால் கீழே படும் என்று நினைப்பவர்கள் நிறைய. 30 டிகிரி சரிவில் 100 மீட்டர் என்று கருவி காட்டினால், இறக்கத்துக்குக் கணக்கில் எடுக்க வேண்டியது சுமார் 87 மீட்டர்தான். 10 டிகிரிக்குள் என்றால் .22 தூரங்களில் கண்டுகொள்ளத் தேவையில்லை.

## அறிகுறி 3: கிட்டத்தில் சுட்டால் கீழே

10 மீட்டரில் குறி வைத்தால் ஒரு செ.மீ.க்கு மேல் கீழே படுகிறது, ஸ்கோப் கெட்டுவிட்டதா என்று கேட்பார்கள். கெடவில்லை. ஸ்கோப் குழலுக்கு 4 செ.மீ. மேலே இருக்கிறது, குண்டு அந்த இடைவெளியை ஏறிக் கடக்கக் கொஞ்சம் தூரம் வேண்டும். நம் .22 பத்து மீட்டரில் 1.2 செ.மீ. கீழே, 25-ல் ஒரு செ.மீ. மேலே, 50-ல் சரி. பத்து மீட்டரில் 1.2 செ.மீ. என்பது 1.2 மில். 75 மீட்டருக்கு வேண்டியதைவிட அதிகம் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பழகும் வரை மனம் ஒப்பாது.

இறக்கம் இதைவிட மாறுபட்டு வந்தால் ஆப்பில் ஸ்கோப் உயரத்தைப் பாருங்கள். பலர் அதை ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்கின் அடியிலிருந்து அளக்கிறார்கள். போல்ட்டின் நடுவிலிருந்து ஸ்கோப் குழாயின் நடு வரை அளக்க வேண்டும். இதற்கு யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

## அறிகுறி 4: நடு சரியாக இருக்கிறது, ஆனால் குரூப் மேலும் கீழுமாக நீள்கிறது

இங்கே ஒரே கேள்வியில் பாதை பிரியும்: 50 மீட்டரிலும் நீள்கிறதா?

50-ல் உருண்டை, 100-ல் மட்டும் நீளம். தோட்டாவின் வேகம் ஒன்றுபோல இல்லை. இரண்டு தோட்டாக்களுக்கு இடையே 10 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால் 50-ல் அது முக்கால் செ.மீ.தான், குரூப்புக்குள் மறைந்துவிடும். 100-ல் 3 செ.மீ. ஆகிவிடும். டரெட்டைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. மூன்று நான்கு வகைத் தோட்டா வாங்கி, ஒவ்வொன்றிலும் 100 மீட்டரில் இரண்டு குரூப் சுட்டு, உயரம் குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள். விலை கூடியதே ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி. வகை மாற்றினால் முதல் சில சூடுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள், பழைய மெழுகு போய்ப் புதியது படியட்டும். குழலைச் சுத்தம் செய்த பிறகும் இதே கதைதான்.

50-லும் நீளம். அப்படியென்றால் தோட்டாவை விட்டுவிட்டு இந்த வரிசையில் போங்கள்.

பேரலாக்ஸ். ரைஃபிளை மணல் பையில் அசையாமல் கிடத்தி, கன்னத்தைத் தொடாமல் ஸ்கோப்பில் பார்த்துத் தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும் ஆட்டுங்கள். ரெட்டிகிள் இலக்கின் மேல் மிதக்கிறதா? மிதந்தால் பேரலாக்ஸ் குமிழை மிதப்பு நிற்கும் வரை திருப்புங்கள். குமிழில் எழுதிய தூரத்தை நம்பாமல் கண்ணை நம்புங்கள். குமிழே இல்லாத ஸ்கோப் என்றால் கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் படிய வேண்டும். கட்டையில் ஒரு துணிப்பட்டை சுற்றி உயரத்தைக் கூட்டினாலே பலருக்குக் குரூப் பாதியாகிவிடும்.

கை. பைபாடில் (துப்பாக்கியின் முன்பகுதியைத் தாங்கும் இருகால்) ஒரு சூட்டுக்கு முன்னே தள்ளி, அடுத்ததற்குத் தளர்த்தி, மூச்சை ஒரு சமயம் பாதியில், ஒரு சமயம் முழுதாய் விட்டு... இதை உங்களால் பார்க்க முடியாது. பக்கத்தில் ஒருவரை உங்கள் முதுகையும் குழலையும் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட விரைவான வழி, நன்றாகச் சுடும் ஒருவரிடம் அதே ரைஃபிளைக் கொடுத்து ஐந்து சுடச் சொல்வது. அவருக்கு உருண்டையாக விழுந்தால் பதில் கிடைத்துவிட்டது. கொஞ்சம் கசக்கும்.

கட்டை. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை நுழைத்து இழுத்துப் பாருங்கள். சிக்கினால் மரம் குழலைத் தொடுகிறது, குழல் சூடாக ஆகக் குரூப் ஏறும் அல்லது இறங்கும். கட்டையையும் இரும்பையும் சேர்க்கும் திருகுகள் தளர்ந்திருந்தால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இறுக்கியும் தொட்டுக்கொண்டே இருந்தாலும், குழல் வாயில் கீறலோ அடிபட்ட தடமோ தெரிந்தாலும் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டையைத் தேய்ப்பதும் குழல் வாயைத் திருத்துவதும் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் வேலை. ஒரு தடவை தேய்த்த மரம் திரும்ப வளராது.

குரூப் நேராக நீளாமல் சாய்வாக, கடிகாரத்தில் பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே நீள்கிறதா? அது காற்று. குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்களின் முறுக்கு வலப்பக்கம் என்றால் வலமிருந்து வீசும் காற்று குண்டை இடது மேல் பக்கமும், இடமிருந்து வீசுவது வலது கீழ்ப் பக்கமும் தள்ளும். இறக்கக் கணக்கில் கை வைக்காமல் காற்று ஓயும் வரை ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

## அறிகுறி 5: மேலே டயல் செய்தால் பக்கவாட்டிலும் நகர்கிறது

50-ல் நடு. 100-க்கு 2.3 மில் ஏற்றினால் உயரம் சரி, ஆனால் 2 செ.மீ. வலது. காற்று என்று நினைத்துப் பலர் பக்க டரெட்டைத் திருப்புவார்கள். 50-க்குத் திரும்பினால் அங்கே இடது பக்கம் விழும். பிறகு அதற்கொரு திருத்தம். இந்த ஊஞ்சலில் ஆடாதீர்கள்.

காரணம் சாய்வு. ஸ்கோப் 5 டிகிரி சாய்ந்திருந்தால், நீங்கள் ஏற்றுவதில் சுமார் நூற்றுக்கு ஒன்பது பங்கு பக்கத்தில் போய்விடும். 2.3 மில்லில் அது 0.2 மில், 100 மீட்டரில் 2 செ.மீ. ஐந்து டிகிரி என்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.

முதலில் நீங்கள் ரைஃபிளைச் சாய்க்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். 50 மீட்டரில் தூக்குக்குண்டு கட்டிய வெள்ளைக் கயிற்றைத் தொங்கவிட்டு, வழக்கம்போலத் தோளில் வைத்து, கண்ணை மூடி நிதானித்து, திறந்து பாருங்கள். ரெட்டிகிளின் நெடுங்கோடு கயிற்றோடு ஒட்டி நிற்கிறதா? ஸ்கோப் குழாயில் மாட்டும் சின்ன ரசமட்டம் இதற்கு நல்ல காவலாளி, விலையும் அதிகமில்லை. அதைப் பொருத்தும்போது கயிற்றோடு ரெட்டிகிள் ஒட்டி நிற்கையில் குமிழி நடுவில் இருக்கும்படி இறுக்குங்கள். டரெட் மூடிமேல் மட்டம் வைத்து இறுக்குவது அவ்வளவு நம்பகமில்லை.

ரைஃபிள் நேராக இருந்தும் ரெட்டிகிள் சாய்ந்திருந்தால் ரிங்கைத் தளர்த்தி ஸ்கோப்பைச் சுழற்றிச் சரிசெய்யலாம். ரிங் திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, தயாரிப்பாளர் எழுதிய அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பொதுவாக அது 2 நியூட்டன் மீட்டர் வாக்கில்தான் வரும். கையால் "நல்லா" இறுக்கினால் குழாய் நசுங்கும். நசுங்கிய குழாயில் டரெட் திக்கித் திக்கி நகரும், அதுவே அறிகுறி 1-ஐயும் கொண்டுவந்து சேர்க்கும்.

இன்னொரு கிளை உண்டு. ரெட்டிகிள் கயிற்றோடு ஒட்டி நிற்கிறது, ஆனால் 10 மில் டயல் செய்யும்போது அதன் நடு கயிற்றை விட்டுப் பக்கத்தில் நழுவுகிறது. அப்படியானால் உள்ளே ரெட்டிகிளும் டரெட்டும் ஒரே நேரில் பொருத்தப்படவில்லை. வெளியிலிருந்து எதைத் திருகியும் பயனில்லை. சேவை மையம்தான்.

## அறிகுறி 6: டயல் செய்து திரும்ப ஜீரோவுக்கு வந்தால் ஜீரோ அங்கே இல்லை

எவ்வளவு தள்ளிப் படுகிறது என்று முதலில் அளங்கள். அந்த எண்ணே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

தள்ளிப்போனது டரெட்டின் ஒரு முழுச் சுற்றுக்குச் சமமா? சில டரெட்டுகளில் ஒரு சுற்று 5 மில், சிலவற்றில் 10. என் பழைய ஸ்கோப்பில் 5. ஒரு நாள் 50 மீட்டரில் பன்னிரண்டு தோட்டா சுட்டேன். காகிதம் புத்தம் புதிதாகவே இருந்தது. ரிங்கைத் தளர்த்தினேன், இறுக்கினேன், தோட்டாவைத் திட்டினேன். கடைசியில் ஒரு பெரியவர் வந்து டரெட்டுக்கு அடியில் இருக்கும் கிடைக்கோடுகளைக் காட்டினார். இரண்டாவது கோடு தெரிந்தது; முதல் கோட்டில் இருக்க வேண்டியது. டரெட்டில் எண் "0" என்றுதான் காட்டியது, ஆனால் அது அடுத்த சுற்றின் 0. 50 மீட்டரில் 5 மில் என்றால் 25 செ.மீ. மேலே. அன்றிலிருந்து உறையிலிருந்து எடுத்ததும் கோட்டைத்தான் முதலில் பார்க்கிறேன். உங்கள் ஸ்கோப்பில் ஜீரோ ஸ்டாப் (டரெட் ஜீரோவைத் தாண்டிக் கீழே போகாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் அதை ஒரு தடவை ஒழுங்காகப் பூட்டி வையுங்கள், இந்தத் தொல்லையே இருக்காது.

சுற்றுக்குச் சமமில்லாத, ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறான பிசகு என்றால் எங்கோ தளர்வு. டரெட் மூடியின் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகுகளை ஆலன் கீயால் தொட்டுப் பாருங்கள். ஜீரோ வைத்த பிறகு இறுக்க மறந்திருந்தால் மூடி மட்டும் சுற்றும், உள்ளே ஒன்றும் நகராது. அடுத்து ரிங். ஸ்கோப் குழாயில் ரிங்கின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு இருபது சூடு சுடுங்கள். கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் ஸ்கோப் வழுக்குகிறது. அதற்குப் பிறகு, பலர் பார்க்காத இடம்: ரிங்குக்கு அடியில் இருக்கும் தளத்தின் திருகுகள். ஸ்கோப்பைக் கழற்றினால்தான் அவை தெரியும் என்பதால் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடுவதில்லை.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் பிசகுகிறதா? நல்லதென்று தெரிந்த வேறொரு ஸ்கோப்பை அதே ரைஃபிளில் மாட்டிச் சுடுங்கள். பிசகு நின்றுவிட்டால் உங்கள் ஸ்கோப் சேவைக்குப் போக வேண்டும். தொடர்ந்தால் ரைஃபிள் பழுதுபார்ப்பவரிடம். டயல் செய்த பின் டரெட்டைத் தட்டினால் சரியாகிறது என்று சிலர் தட்டிக்கொண்டே காலம் தள்ளுவார்கள். உள்ளே ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

## அறிகுறி 7: இன்னும் ஏற்ற வேண்டும், டரெட் நின்றுவிட்டது

பலம் போட்டுத் திருப்பாதீர்கள். பக்க டரெட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஓரத்துக்குப் போயிருந்தால் வட்டக் குழாய்க்குள் மேலே போக இடம் குறைந்துவிடும். இப்படிப் பக்கத்தில் ஒதுங்கி நிற்பதே தளம் கோணலாக இருப்பதன் அடையாளம்.

சாய்தளம் (ஸ்கோப்பைச் சற்றே முன்பக்கம் சாய்த்து வைக்கும் ரிங் தளம்) ஏற்கெனவே போட்டிருக்கிறீர்களா? கழற்றி எந்தப் பக்கம் தடிமன் என்று பாருங்கள். தடித்த முனை சுடுபவர் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்ட 20 எம்.ஓ.ஏ. தளம் 20-ஐக் கொடுக்காதது மட்டுமில்லை, இருந்த 20-ஐயும் பிடுங்கிக்கொள்ளும். மொத்தம் 40 நஷ்டம். சாதாரணத் தளம்தான் என்றால், டரெட்டின் எல்லை வரை டயல் செய்து மிச்சத்தை ரெட்டிகிளால் பிடியுங்கள். காசில்லாத வழி இது, போட்டியிலும் சரளமாகச் செய்கிறார்கள். அதுவும் போதவில்லை என்றால் 20 எம்.ஓ.ஏ. சாய்தளம் 5.8 மில் கூடுதலாகத் தரும். ரிங்குக்கு அடியில் தகரத் துண்டு சொருகும் பழைய வைத்தியம் குழாயை வளைக்கும், வேண்டாம். சாய்தளம் போட்டும் கோணல் நிற்கிறது என்றால் தளத் திருகுகளுக்கான துளைகளே நேரில்லாமல் போட்டிருக்கலாம். துளையிடும் கருவி உள்ளவரிடம்தான் அதற்கு மருந்து.

## அறிகுறி 8: போன மாதம் சரி, இன்று இல்லை

வேறு எதையும் மாற்றவில்லை என்று உறுதியாகச் சொல்வீர்கள். தோட்டாப் பெட்டியின் லாட் எண்ணை, அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண்ணைப் பாருங்கள். அதே வகை, அதே படம், வேறு லாட் என்றால் வேறு தோட்டாதான். லாட் ஒன்றேயானால் வெப்பம். குளிரில் தோட்டா மெதுவாகும், காற்றும் கனக்கும், இரண்டும் சேர்ந்து கீழே இழுக்கும். வெயிலில் காய்ந்த தோட்டா எதிர்ப்பக்கம் போகும். பெட்டியை நிழலில் வையுங்கள், காரின் முன்கண்ணாடிக்கு அடியில் வேண்டாம்.

ஆப் பயன்படுத்தினால் காற்றழுத்தத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. வானிலைச் செய்தியில் வரும் அழுத்தம் கடல்மட்டத்துக்குத் திருத்தியது. உயரமான இடத்தில் நின்று அந்த எண்ணை "நிலைய அழுத்தம்" (நிற்கும் இடத்தின் உண்மையான அழுத்தம்) என்ற பெட்டியில் போட்டால், கணக்கு உங்களைக் கடற்கரையில் நிறுத்திவிடும். குண்டு மேலே படும். 100 மீட்டர் .22-க்கு இது பெரிதில்லை. தூரம் கூடினால் தெரியும்.

## ஸ்கோப்பைச் சேவைக்கு அனுப்பும்போது

"சரியாக வேலை செய்யவில்லை" என்று எழுதி அனுப்பினால், "சோதித்தோம், குறையில்லை" என்று திரும்பி வரும். எனக்கு ஒரு தடவை அப்படித்தான் வந்தது. இரண்டாம் முறை ஒரு சீட்டு வைத்தேன்: எந்தத் தூரத்தில் அளந்தது, டேப்பால் அளந்ததா, 10 மில்லுக்கு மூன்று முறையும் எத்தனை செ.மீ. நகர்ந்தது, ஜீரோவுக்குத் திரும்பியபோது எவ்வளவு விலகல், ரிங் எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்கியிருந்தது, வேறு ஸ்கோப் மாட்டியபோது என்ன நடந்தது. கூடவே குறுக்குக்கோடு போட்ட அந்தப் பலகையின் படம் ஒன்று. உள்ளே ஒரு ஸ்பிரிங் மாற்றி அனுப்பியிருந்தார்கள். பலகையில் மறுபடி பார்த்தேன்: 100, 100, 100.